பிரேக்கில் எயர் எடுத்த ஞாயிற்றுக்கிழமை

பிள்ளைகளே, அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு வந்திருந்தபோது நீங்கள் இருவரும் குசினியில் இருந்து பழைய கதைகள் கதைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் விறாந்தையில் வாழையிலை துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவின் வருத்தக் காலத்திலும் ஒரு நல்ல நாள் இருந்தது என்று மகள் சொன்னாள். அப்பா பிக்கப்புக்குப் பிரேக் செய்த ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் எல்லோரும் வெள்ளவத்தைக் கடலுக்குப் போனோம், அம்மா அன்றைக்கு எவ்வளவு சிரித்தார் என்று. "ஓம், நான் பின்னால சாக்கில இருந்து வந்தனான்" என்றான் மகன்.

அது நல்ல நாள்தான். நீங்கள் அப்படியே வைத்திருக்கலாம். ஆனால் அந்த நாளின் காலை நேரம் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ரியூஷனுக்குப் போயிருந்தீர்கள். முகம் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. எழுதினால் நடுவில் எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வரலாம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் வருத்தம் இடது காலில் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். கொட்டாஞ்சேனைச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, மரக்கறி வாங்கி, ஒழுங்கைக்குள் நடந்து வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் இடது காலில் செருப்பு இல்லை என்று கண்டார். செருப்பைப் பிடித்து வைக்கக் கால்விரல்களுக்குப் பலம் இல்லை என்பது அப்போது தெரியாது, மரக்கறிப் பையோடு வந்த அவசரத்தில் கழன்றதைக் கவனிக்கவில்லை என்று நினைத்தோம். நான் போய்த் தேடினேன். மருந்துக்கடை வாசலில் கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்தபோது இருவரும் சிரித்தோம். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

பிறகு சோதனைகள், கிளினிக். நரம்பு டொக்டர் எங்களை இருத்தி ஆறுதலாகச் சொன்னார். இந்த வருத்தம் சிலருக்கு ஒரு காலோடு நெடுங்காலம் நிற்கும். சிலருக்கு மற்றக் காலுக்கும் போய், அங்கிருந்து கைக்கும் தொண்டைக்கும் மூச்சுக்கும் போகும். எது நடக்கும் என்று இப்போது சொல்ல முடியாது. வலது கால் பலமாக இருக்கிறது, அது அப்படியே இருக்கிற வரைக்கும் பயப்படவேண்டாம், வலது காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டின் நம்பிக்கை முழுவதும் அம்மாவின் வலது காலில்தான் இருந்தது. உங்களுக்கு இடது கால் நரம்புப் பலவீனம் என்று மட்டும் சொல்லியிருந்தோம். அம்மா குளித்துவிட்டு வரும்போது நான் வலது காலைத்தான் பார்ப்பேன். நான் பார்ப்பதை அம்மாவும் பார்ப்பார்.

இனிப் பிக்கப்பின் கதை. அந்த வண்டியில்தான் நான் கலியாண மண்டபங்களுக்கு வாழைக்குலையும் இலையும் கொண்டுபோய்க் கட்டினேன். விடியப் பேலியகொடைச் சந்தையில் ஏற்றினால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மண்டபங்களில் இறக்கிக் கட்டி முடிய வெயில் ஏறிவிடும். கலியாணத்துக்கும் கட்டுவேன், செத்தவீட்டுக்கும் கட்டுவேன். இரண்டுக்கும் வாழை ஒன்றுதான், கட்டுகிற விதம்தான் வேறு.

ஒரு வெள்ளிக்கிழமை வெள்ளவத்தைச் சந்தி லைட்டில் நிற்கிறேன். பின்னால் நிறையச் சுமை. முன்னால் ஒரு பள்ளிக்கூட வான். பிரேக்கை அமத்திப் பிடித்திருந்த கால் தன்பாட்டில் கீழே போனது. நான் அழுத்தவில்லை. கால் போய்க்கொண்டே இருந்தது. வண்டி மெல்ல முன்னுக்கு ஊர்ந்தது. காலைத் தூக்கித் திரும்ப அடித்தேன், பிடித்தது. கொஞ்சத்தில் மறுபடி இறங்கத் தொடங்கியது. கை பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். வானின் பின் கண்ணாடியில் ஒரு சின்னப் பிள்ளை எனக்குக் கை காட்டியது. நானும் காட்டினேன்.

அன்றைக்குக் கடலோரத் தெருவால் ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தேன். பொனட்டைத் திறந்து பார்த்தேன். பிரேக் ஒயில் டப்பாவில் அளவு குறையவில்லை. சில்லுகளில் ஒழுகவில்லை. அப்படியென்றால் மாஸ்டர் பம்ப். பெடலை அமத்தும்போது அந்தப் பம்புக்குள் இருக்கிற பிஸ்டன் ஒயிலைத் தள்ளும், ஒயில் குழாய்களால் நான்கு சில்லுக்கும் போய்ப் பிரேக்கைப் பிடிக்கும். பிஸ்டனில் ரப்பர் வாஷர்கள் இருக்கின்றன. அவை தேய்ந்தால் ஒயில் வெளியே வராது, பம்புக்குள்ளேயே பின்பக்கமாகக் கசிந்துவிடும். சடாரென்று அடித்தால் பிடிக்கும். பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

ஒரு முறை அதன் வாஷர்களை மாற்றியிருந்தேன். மழைக்காலத்துக்கு முன் ஒயிலும் மாற்றி வந்தேன், பிரேக் ஒயில் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்துக் கெட்டுப்போகும் சாமான். இந்த முறை கழற்றிப் பார்த்தால் பம்பின் உள்சுவரே கீறல் விழுந்து கிடந்தது. புது வாஷர் போட்டாலும் நிற்காது. பஞ்சிகாவத்தைக்குப் போய் என் வண்டிக்குரிய புதுப் பம்ப் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் மாளிகாவத்தையில் இருக்கிற முஸ்லிம் ஒருவர், நானா என்றுதான் கூப்பிடுவேன், எனக்கு நெடுநாள் பழக்கம்.

கொட்டாஞ்சேனையில் கராஜ் இல்லாமல் இல்லை. ஆனால் நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஆமர் வீதியில் ஒரு கராஜில்தான் வேலை செய்தேன், பிரேக் வேலையை அடுத்தவனிடம் கொடுக்க எனக்கு மனம் வராது. என் பிள்ளைகள் ஏறுகிற வண்டி. இன்னொரு காரணமும் உண்டு. பிரேக் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். கலியாணம் கட்டிய நாள் தொட்டு எனக்கு அந்த இரண்டாவது ஆள் உங்கள் அம்மா.

பம்பை மாற்றினால் குழாய்களுக்குள் எயர், வெறும் காற்று, புகுந்துவிடும். எயர் இருந்தால் பெடல் பஞ்சு மாதிரிப் போகும், பிரேக் பிடிக்காது. அதை வெளியேற்ற ஒருவர் பெடலை அமத்த, மற்றவர் சில்லுக்குப் பின்னால் படுத்து, எயர் வெளியேறுகிற சின்ன வாயான நிப்பிளைத் திறந்து மூடவேண்டும். நிப்பிளில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறு நுனியை ஒயில் உள்ள போத்தலுக்குள் விடுவேன். பம்புக்கு ஆகத் தூரத்தில் இருக்கிற பின் இடதுபக்கச் சில்லில் தொடங்குவேன். அங்கே நான் நிலத்தில், அம்மா சாரதி ஆசனத்தில். ஒருவரை ஒருவர் காண முடியாது. குரல் மட்டும்தான்.

"அமத்தும்" என்பேன். அம்மா சில தரம் அமத்தி விட்டு, கடைசியில் அமத்தியபடியே நிறுத்தி "பிடிச்சிருக்கிறன்" என்பார். நான் நிப்பிளைத் திறப்பேன். எயரும் ஒயிலும் கொப்பளித்துக்கொண்டு வெளியே வரும். பெடல் அடிவரை போனதும் "கீழ போட்டுது" என்பார். போன இடத்தில் காலை வைத்திருக்கவேண்டும். நான் நிப்பிளை மூடி "விடும்" என்று சொன்ன பிறகுதான் எடுக்கலாம். முந்தி எடுத்தால் போன எயர் திரும்ப உள்ளே வந்துவிடும். அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஆனால் இந்த ஒரு பெடலை என்னைவிட நன்றாகத் தெரியும். "இன்னும் எயர் இருக்கப்பா, அடியில கொஞ்சம் பஞ்சு மாதிரிக் கிடக்கு" என்பார். அப்படியே இருக்கும்.

சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். புதுப் பம்பை மேசையில் பூட்டியிருக்கிற வைஸில் இறுக்கி ஒயில் ஊற்றி, ஸ்க்ரூட்ரைவரால் பிஸ்டனைத் தள்ளித் தள்ளிக் குமிழி நிற்கும்வரை எயர் எடுத்தேன். பிறகு கொண்டுபோய்ப் பூட்டினேன். பிரேக் ஒயில் பட்டால் பெயின்ட் கழன்றுவிடும் என்பதால் அம்மா பழைய சேலையை நனைத்து மட்கார்டில் விரித்துவிட்டார். அது அவருடைய வேலை.

"எதிர்வீட்டுத் தம்பியைக் கூப்பிடட்டே?" என்று கேட்டேன். எதிர்வீட்டில் முச்சக்கரவண்டி ஓட்டுகிற தம்பி, நீங்கள் சித்தப்பா என்று கூப்பிடுகிறவர்.

"அவன் ஏன்?"

"உமக்கு ஏறி இறங்கக் கரைச்சலெல்லே."

"இடது கால்தானே வருத்தம். பிரேக்குக்கு வலது கால்தானே வேணும்" என்றார். வலது கால் என்று அவர் சொன்னபோது எனக்கும் ஒரு தைரியம் வந்தது. தூக்கி ஏற்றிவிட்டேன். இடது காலைக் கையால் எடுத்து உள்ளே வைத்தார். வலது காலைப் பெடலில் தானாக வைத்தார்.

நான் பின்னால் போய்ப் படுத்தேன். அமத்தும், பிடிச்சிருக்கிறன், கீழ போட்டுது, விடும். நான்கு சில்லும் சுற்றி வந்தேன். குமிழி நிற்கவில்லை. மறுபடி பின் இடதில் தொடங்கினேன். இரண்டாவது போத்தல் ஒயிலும் முடிந்தது. ஏறி இருந்து பெடலை அமத்திப் பார்த்தேன். பஞ்சு மாதிரிப் போனது. குழாய்ப் பூட்டுகளைத் துடைத்து, கடதாசி வைத்துப் பார்த்தேன், ஓர் இடத்திலும் ஈரம் இல்லை.

"பம்ப்தான் பிழை" என்றேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முந்தியென்றால், வாங்கும்போது பார்த்து வாங்கவில்லையா என்று என்னோடு கொளுவியிருப்பார்.

பம்பைக் கழற்றிக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போனேன்.

"நானா, இது பிடிக்கேல்ல. பெடல் பஞ்சு மாதிரிப் போகுது."

"புதுச் சாமான் தம்பி. ஒங்கட முன்னுக்குத்தானே பெட்டிய உடச்சுத் தந்த" என்றார். மேசையில் வைத்து, ஒயில் போகிற துவாரங்களுக்கு அடைப்பு இறுக்கி, பிஸ்டனைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. என்னையும் தள்ளச் சொன்னார். எனக்கும் அசையவில்லை. "பாருங்க, கல்லு மாதிரி நிக்கிது. பம்ப்ல ஒண்டும் பிழ இல்ல. எயர் சரியா எடுபடல்ல. பெடல் ஆரு அமத்தின?"

"வீட்டில மனுசி."

"அப்ப வேற ஒராள வச்சு ஒருக்கா பாருங்களேன்."

"நானா, கலியாணம் கட்டின நாள் தொட்டு அவதான் அமத்துறவ. அவவுக்குப் பிழைக்காது."

என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானா சிரித்தார். "சரி சரி, கோவிக்காதீங்க. ஒங்களுக்காக வேற ஒண்டு தாறன். இதுவும் பிடிக்கல்லண்டா பம்ப்ப மாத்துறத நிப்பாட்டிட்டு ஆள மாத்துங்க."

கடைக்குள் எல்லோரும் சிரித்தார்கள். மனுசியை மாற்றச் சொன்ன பகிடி. அவருக்கு அம்மாவின் வருத்தம் தெரியாது. நான் புதுப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். மருதானைச் சந்தி வரை நடந்துதான் வந்தேன். பெட்டிக்குள் இருப்பதும் முதலாவதைப் போல ஒரு நல்ல பம்ப்தான் என்று எனக்குத் தெரியும், கை அதை உணர்ந்துவிட்டது. ஆனாலும் பழுது பம்பில் இருக்கவேண்டும் என்று மனம் கேட்டுக்கொண்டே வந்தது. ஒரு இரும்புச் சாமான் பழுதாக இருக்கவேண்டும் என்று அப்படி நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ரியூஷனுக்குப் போனதும் இரண்டாவது பம்பைப் பூட்டினேன். அம்மா வீட்டில் உடுக்கிற சோட்டியோடு வாசலில் கதிரை போட்டு இருந்தார். நான் கூப்பிடுமுன் தானே எழும்பி, வண்டியைப் பிடித்துப் பிடித்து வந்தார். எதிர்வீட்டுத் தம்பி தன் முச்சக்கரவண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணே, நேத்தும் இதே வேலை, இன்னிக்கும் இதே வேலையா?" என்றான். "அக்கா, விட்டுறாதீங்க. அண்ணனை நெனச்சுக்கிட்டு நல்லா மிதிங்க, தன்னால புடிக்கும்."

"உன்ர மனுசி அப்பிடித்தான் மிதிக்கிறவளோ?" என்று கேட்டார் அம்மா.

"அவளுக்குப் பெடலே வேணாம் அக்கா. நேரா மிதிப்பா."

நான் தூக்கிவிட, அம்மா சிரித்துக்கொண்டே ஏறி இருந்தார். நான் பின் இடதுபக்கச் சில்லுக்குப் போய்ச் சாக்கை விரித்துப் படுத்தேன்.

"அமத்தும்."

பெடலின் சத்தம் கேட்டது. சில தரம். பிறகு, "பிடிச்சிருக்கிறன்."

நிப்பிளைத் திறந்தேன். குழாயில் குமிழியோடு ஒயில் வெளியே ஓடியது. "கீழ போட்டுது" என்றார் அம்மா. நான் ஸ்பானரைத் திருப்ப வைத்த கையை அப்படியே நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று இப்போதும் தெரியாது. குழாயையே பார்த்தேன். வெளியே போன ஒயில் நின்றது. பிறகு திரும்பி, சில்லுப் பக்கமாக வரத் தொடங்கியது. குழாய்க்குள் ஒரு குமிழி இருந்தது. அது என் கண்ணுக்கு முன்னால் மெல்ல மெல்ல உள்ளே போனது.

ஒயில் அப்படித் திரும்புவதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. பெடல் மேலே வந்துகொண்டிருக்கவேண்டும்.

"பிடிச்சிருக்கிறீரோ?" என்று கேட்டேன்.

"ஓம். பிடிச்சிருக்கிறன்."

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. தன் கால் இன்னும் கீழேதான் இருக்கிறது என்று நினைக்க விரும்பினார். நான் நிப்பிளை மூடினேன். "விடும்" என்றேன். சாக்கில் படுத்தபடி வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். துருப்பிடித்த சட்டமும், காய்ந்த சேறும். தம்பி தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டது. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எழும்பத் தேவையில்லாமல் இருந்தது. எழும்பினால் தெரிந்துவிடும், படுத்திருக்கும் வரை இன்னும் பம்ப்தான் பிழை.

"என்னப்பா, சத்தத்தைக் காணேல்ல?" என்றார் அம்மா.

"அமத்தும்" என்று சொல்லிவிட்டு, சொன்ன கையோடு எழும்பிச் சாரதிப் பக்கம் போனேன். அம்மா என்னை எதிர்பார்க்கவில்லை. இரண்டு கைகளாலும் தன் வலது முழங்காலைப் பிடித்துக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் நடுங்கின. நெற்றி முழுக்க வியர்வை. கால் பெடலில் இருந்தது, ஆனால் அமத்தியது கால் இல்லை, கைகள்.

என்னைக் கண்டதும் கைகளை எடுத்து மடியில் சோட்டியைச் சரிசெய்தார். பெடல் தன்பாட்டில் மேலே வந்தது. காலையும் கூட்டிக்கொண்டு வந்தது.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா என்னைப் பார்க்காமல் கண்ணாடிக்கு வெளியே பார்த்து, "தம்பி, ஒருக்கால் இஞ்ச வாரும். இதில இருந்து இதை அமத்தும். எனக்குக் கால் உளையுது" என்றார்.

தம்பி கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அம்மாவை இறக்கி வாசல் கதிரையில் இருத்தினேன். அவருடைய பாரம் முழுவதும் என் கையில் இருந்தது. நேற்றும் அன்று காலையும் ஏற்றும்போது அப்படித்தான் இருந்திருக்கும். நான் அதை இடது கால் என்று நினைத்திருந்தேன்.

தம்பி ஏறியிருந்து அமத்தினான். ஒயில் ஒரு பக்கமாக மட்டும் ஓடியது. குமிழிகள் வந்தன, குறைந்தன, நின்றன. சில்லுக்குச் சில்லு நகர்ந்தேன். வேலை இவ்வளவு சுருக்காக முடியும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. இன்னும் கொஞ்சம் கரைச்சல் கொடுக்கக்கூடாதா, ஒரு சில்லாவது அடம்பிடிக்கக்கூடாதா என்று இருந்தது. முன் வலதுபக்கச் சில்லை முடித்ததும் தம்பி பெடலை அமத்திப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்.

"அண்ணே, கல்லு. சும்மா கல்லு மாதிரி நிக்குது. ஒரு லொறியே வந்தாலும் நிப்பாட்டலாம். பம்ப் நல்ல பம்ப் அண்ணே."

அவனுக்கு நல்ல சந்தோஷம். நான் வாசல் பக்கம் பார்த்தேன். அம்மாவும் என்னைப் பார்த்தார். ஒரு வண்டியின் பிரேக் சரிவந்த நேரத்தில் இரண்டு பேர் அப்படிப் பார்த்துக்கொண்டதை வேறு யாரும் கண்டிருந்தால் அவர்களுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

"தேத்தண்ணி ஊத்தட்டே, தம்பி?" என்று கேட்டார் அம்மா. எழும்பப் பார்த்தார். பிறகு எழும்பவில்லை. நான் போய் ஊற்றினேன்.

தம்பி போன பிறகு பிரேக் பார்க்க ஒரு ஓட்டம் போகவேண்டும் என்றேன். தானும் வருகிறேன் என்றார். கொட்டாஞ்சேனையைச் சுற்றி வண்டியில் ஓடினோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தெரு வெறுமையாக இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் பிடித்துப் பார்த்தேன். பிடித்தது. கோவில் வீதியில் ஓர் ஓரமாக நிறுத்தினேன்.

"எப்ப தொட்டு?" என்று கேட்டேன்.

"சரியாச் சொல்லத் தெரியேல்ல. படி ஏறேக்குள்ள ஒரு மாதிரி இருந்தது. களைப்பு எண்டு நினைச்சன்." பிறகு, "அதுதான் பெடல்ல இருந்து பாப்பம் எண்டு இருந்தனான். அது எனக்குத் தெரிஞ்ச சாமான்தானே. எவ்வளவு அமத்தவேணும் எண்டு தெரியும். நேற்றே விளங்கிப்போச்சு."

"நேற்றே சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் பம்ப் பிழை எண்டு சொன்னியள். ஒருவேளை பம்பாயும் இருக்கலாம் எண்டு நினைச்சன்" என்றார்.

நாங்கள் இருவரும் ஒரே ஆசையோடு அந்தச் சனிக்கிழமை இரவைக் கழித்திருக்கிறோம், பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு. அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் பொறுக்க முடிவதில்லை.

நான் அழத் தொடங்கினேன். அம்மா அழவில்லை. "தெருவில வச்சு என்ன இது. ஆரும் கண்டா நான் அடிச்சுப்போட்டன் எண்டு நினைப்பினம்" என்றார். பிறகு, "பிள்ளையள் வந்ததும் எல்லாருமாக் கடலுக்குப் போவம். நடக்கேலுமா இருக்கேக்குள்ள போட்டு வருவம். இண்டைக்கு அதுகளுக்கு ஒண்டும் தெரியவேண்டாம். மகளின்ர பள்ளிக்கூடச் சோதினை முடியட்டும்" என்றார்.

அப்படித்தான் நாங்கள் வெள்ளவத்தைக்குப் போனோம். மகள் நடுவில் இருந்தாள். மகன் பின்னால் சாக்கில். அம்மா கச்சான் கடலை வாங்கச் சொன்னார். ரயில் பாதையைக் கடக்கும்போது ஒரு பக்கம் நான், மறுபக்கம் மகள். மகன் முன்னுக்கு ஓடிப்போய்க் கோச்சி வருகிறதா என்று பார்த்துச் சொன்னான். கல்லில் இருத்தினோம். அலை வந்து காலை நனைத்தபோதெல்லாம் அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு உண்மையான சிரிப்பு, பிள்ளைகளே. அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அம்மா உங்களுக்காக நடித்தார் என்று இனி நீங்கள் நினைக்கக்கூடாது என்பதற்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். அலை எந்தக் காலில் படுகிறது என்பது அவருக்குத் தெரிந்தது. குளிர் தெரிந்தது. அமத்துகிற பலம்தான் போனது, தொடுவது தெரிவது ஒன்றும் போகவில்லை. அன்றைக்கு அவர் தன் இரண்டு காலையும் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, உங்கள் இருவரையும் பார்த்துத்தான் சிரித்தார்.

அடுத்த கிளினிக் வந்தது. இதை டொக்டரிடம் எப்படிச் சிங்களத்தில் சொல்வது என்று போகும் வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனேன். பெடல் என்பதற்குச் சொல் வேண்டாம், பம்ப் என்பதற்கும் வேண்டாம். மனுசியின் கால் பிடித்திருக்கவில்லை என்பதற்குத்தான் சொல் தேடினேன். தேவைப்படவில்லை.

டொக்டர் அம்மாவைக் கட்டிலில் இருத்தி, இடது காலைப் பார்த்துவிட்டு, வலது பாதத்துக்கு நேரே தன் உள்ளங்கையை வைத்துத் தள்ளச் சொன்னார். அம்மா தள்ளினார். டொக்டரின் கை கொஞ்சம் பின்னுக்குப் போனது. "ஹொந்தய்", நல்லது, என்று சொல்லிவிட்டு அவர் கையை எடுக்கப் போனார்.

"அத்த கன்ன எப்பா, டொக்டர்" என்றார் அம்மா. கையை எடுக்கவேண்டாம் என்று.

டொக்டர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை அங்கேயே வைத்திருந்தார். வெளியே யாரோ ஒரு நோயாளியின் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். அம்மா கட்டில் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தள்ளினார். பாதம் நடுங்கத் தொடங்கியது. பிறகு மெல்ல, மிக மெல்ல, டொக்டரின் கைக்கு இடங்கொடுத்துப் பின்னால் வந்தது. அது வந்து முடியும்வரை நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இவ்வளவுதான்" என்று அம்மா தமிழில் சொன்னார்.

டொக்டர் இரண்டு கைகளாலும் அந்தப் பாதத்தை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.